நான்கு நாள் பிந்திய அனுமதிப் புத்தகம்

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் தேநீர் குடிப்போம். ஆறு நாளும் இத்தாலிய மொழிக்குள் மடங்கிக் கிடந்த நாக்குக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் விடுதலை. போன மாதம் அப்படி ஒரு ஞாயிறன்று என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் மகன் கெவின் எங்களோடு இருந்தார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியியலாளர். விடுமுறைக்குப் பலெர்மோ வந்திருந்தார்.

"மாமா, நீங்கள் துவக்குக் கடையிலை வேலை செய்தனீங்களாமே? எங்கடை ஊரிலை இப்ப பெர்மிட்டே தேவையில்லை. இடுப்பிலை செருகிக்கொண்டு கடைக்குப் போகலாம்," என்றார்.

'எங்கடை ஊர்' என்று அவர் சொன்னது மன்னாரை இல்லை, டெக்சாசை.

"பாண் வாங்கப் போகவும் துவக்கோ தம்பி?" என்று பாடகர் குழு மரியதாஸ் கேட்டார்.

"கள்ளன் பாண் கடைக்கும் வருவான்தானே அண்ணை."

"ஒரேத்தோ தெருவிலை எங்கடை பாண்காரன்ரை மனிசியை நீர் பாக்கேல்லை. கள்ளன் வந்தால் அவன்தான் பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். கெவினும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "இல்லை அண்ணை, யோசிச்சுப் பாருங்கோ. பெர்மிட்டுக்கு வரிசையிலை நிக்கிறவன் நல்லவன். கெட்டவன் வரிசைக்கே வரமாட்டான். அப்ப பெர்மிட் ஆரைத் தடுக்குது? நல்லவனைத்தானே?"

மண்டபத்தில் இருந்த இளையவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடம் துப்பாக்கிக் கடையில் நின்றவன் நான் ஒருவன்தான். ஆனால் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேச்சில் பொறியியலாளரோடு மல்லுக்கட்ட முடியாது. "எழுதித் தாறன்," என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். திருவிழா மலர் வெளியிடும் பிள்ளைகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். கடவுளை நம்பி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

நான் இங்கு வந்த புதிதில் வீடு துடைத்தேன், படி கழுவினேன், கிழவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் தினமும் இரண்டு மணித்தியாலம் துடைக்கும் வேலை கிடைத்தது. வேட்டைத் துப்பாக்கி விற்கும், பழுது பார்க்கும் கடை. அப்போது ஜெசிந்தாவும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னப்பா, துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே அங்கை ஓடினீங்கள்? இப்ப அங்கை போய்த் துவக்குத் துடைக்கிறீங்களோ?"

"துவக்கில்லை, நிலம். நிலம்தான் துடைக்கிறன்."

"நிலம் எண்டால் சரி. செபமாலையைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு துடையுங்கோ," என்றாள். அன்று வைத்தது இன்றும் அந்தப் பொக்கற்றில்தான்.

கடை முதலாளி சிஞ்ஞோர் கயெத்தானோ. இத்தாலியர்கள் என்னோடு பேசியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது. ஒல்லியான மனிதர். ஆவணி மாத வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் பெயர் சந்தியாப்பிள்ளை. அது அவர் வாய்க்குள் அடங்கவில்லை என்பதால் 'சாந்தோ' ஆக்கிவிட்டார்.

கடைக்குள் யார் வந்தாலும் அவர் முதலில் வணக்கம் சொல்லமாட்டார். உள்ளங்கையை நீட்டி, "லிப்ரெத்தோ," என்பார். லிப்ரெத்தோ என்றால் கெஸ்தூரா, அதாவது பொலிஸ் தலைமை அலுவலகம், கொடுக்கிற சிறு புத்தகம். துப்பாக்கியை வெளியில் கொண்டுபோக அதுதான் அனுமதி. அது கையில் வருவதற்கு முதலில் குடும்ப வைத்தியர் கடிதம் தரவேண்டும். பிறகு இன்னொரு வைத்தியர் கண், காது, மனம் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். சுடும் பயிற்சிக் கூடத்தில் பழகிய சான்றிதழ் வேண்டும். படம், முத்திரை, விசாரணை எல்லாம் முடிந்துதான் புத்தகம் வரும். சில வருடத்தில் காலம் முடிந்துவிட்டால் மறுபடியும் வைத்தியரிடமிருந்து தொடங்கவேண்டும்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவார். புத்தகத்திலுள்ள பெயரைச் சத்தமாக வாசிப்பார். படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். திகதியின் மேல் விரலை வைத்துப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால்தான், "வணக்கம், வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று முகம் மலரும். இருபது வருடமாக வருகிறவருக்கும் அதே. சொந்த மைத்துனருக்கும் அதே. ஒருமுறை முயல் வேட்டைப் பிரியரான வயதான பங்குச் சுவாமி வந்தார். அவருக்கும் உள்ளங்கை நீண்டது.

"கயெத்தானோ, உனக்கு ஞானஸ்நானம் தந்ததே நான்தான்," என்றார் சுவாமி.

"ஓம் சுவாமி. அதுக்கு ஆயரிட்டை அனுமதி எடுத்திருந்தனீங்கள்தானே?"

சுவாமி முணுமுணுத்துக்கொண்டே அங்கியின் பொக்கற்றுக்குள் கையை விட்டார்.

துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முறையும் அப்படித்தான். மடக்கித் திறப்பார். உள்ளே பார்ப்பார். பார்த்தது போதாதென்று சின்ன விரலை விட்டுத் தொட்டுப் பார்ப்பார். திறந்தபடியே அடுத்தவரிடம் நீட்டுவார். வாங்குகிறவரும் அதே போலப் பார்த்துத் தொடவேண்டும். "நான் பாத்தது எனக்கு. நீங்கள் பாக்கிறது உங்களுக்கு," என்பார். ஒரே துப்பாக்கி ஒரே காலையில் பத்துமுறை கைமாறினாலும் பத்துமுறையும் இந்தச் சடங்கு நடக்கும். எனக்கு அது பூசையில் சுவாமி பாத்திரம் துடைக்கிற மாதிரித் தோன்றும்.

எனக்கு ஒரே கட்டளைதான். "சாந்தோ, உனக்கு நிலம், கண்ணாடி, கதவு. எந்தப் பெட்டியையும் திறக்கப்படாது." நான் அதை மிகவும் உண்மையாகக் கடைப்பிடித்தேன். அதனால்தான் வினை வந்தது.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். மொண்டெல்லோ கடற்கரையில் உணவகம் வைத்திருந்த மிம்மோ என்பவர் காலையில் கடைக்கு வந்தார். பெரிய உடம்பு. ஆள் வருமுன் சிரிப்பு வாசலில் வந்து நிற்கும். கதைத்துச் சிரித்துவிட்டுப் போனவர் லிப்ரெத்தோவை மேசையில் மறந்துவிட்டார். பக்கத்தில் கதிரையில் ஒரு நீளமான தோல் பெட்டி. அதில் அவர் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. முதலாளி பல் வைத்தியரிடம் போயிருந்தார். மத்தியானம் கதவை இழுத்துப் பூட்டுவது என் பொறுப்பு.

எனக்கு மனம் கேட்கவில்லை. வேட்டைக் காலம் தொடங்குகிறது, பாவம் மனிதர் துப்பாக்கியும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் தவிப்பாரே என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு லொறி வவுனியாவுக்குப் போனால் யார் ஓட்டினாலும் லொறியின் புத்தகம் லொறிக்குள் இருக்கவேண்டும். சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் விடுவார்கள். இதுவும் அப்படித்தான், துப்பாக்கியோடு துப்பாக்கியின் புத்தகம் போனால் எல்லாம் சரி என்று எண்ணினேன். லிப்ரெத்தோவைச் செபமாலையோடு சேர்த்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்தேன். பெட்டியைத் தோளில் போட்டேன். மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். விலையான பொருள் கையில் இருக்கிறது, களவு போகக்கூடாது என்று நான் அவர்களுக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். ஒருவர் பெட்டி இடிபடாமல் இடம் விட்டார்.

"கவனம். நல்ல சாமான் போலை கிடக்கு," என்றார்.

"ஓம் ஐயா, சரியான விலை," என்றேன்.

ஒரு மூதாட்டி பெட்டியைப் பார்த்து, இந்த நாட்களில் மொண்டெல்லோவில் மீன் படுகிறதா என்று கேட்டார். படுகிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்த நேரம் என் வதிவிட அனுமதி, நாங்கள் பெர்மெஸ்ஸோ என்போமே, அது புதுப்பிக்க கெஸ்தூராவில் கிடந்தது. அதோடு ஜெசிந்தாவையும் மகளையும் எடுப்பிக்கிற விண்ணப்பமும் கிடந்தது. என் பெயருக்கு எதிராக ஒரு குற்றம் எழுதப்பட்டால் மூன்று பேரின் வாழ்க்கையும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். செய்வது குற்றம் என்று தெரியாமல் நான் அந்த இரண்டு பொலிஸ்காரர்களுக்கும் இறங்கும்போது கையசைத்துவிட்டு இறங்கினேன்.

உணவக வாசலில் பெட்டியோடு என்னைக் கண்டதும் மிம்மோவின் சிரிப்பு நின்றது. என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆர் உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. நானாய்த்தான் வந்தனான். உங்கடை புத்தகமும் கொண்டந்தனான்," என்று பெருமையோடு எடுத்து நீட்டினேன்.

அவர் வெங்காய மூட்டையில் தொப்பென்று உட்கார்ந்தார். "சாந்தோ, இது என்ரை புத்தகம். இதிலை உன்ரை பேர் இல்லை. நீ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடை ஊருக்குள்ளை பஸ்ஸிலை வந்திருக்கிறாய். முதலிலை மறியலிலை போடுவாங்கள். பிறகு ஊருக்குப் பிளேன்."

எனக்கு மகளின் முகம் வந்தது. மடு மாதாவே என்று செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். மிம்மோ பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

பெட்டிக்குள் இருந்தது மரப்பிடி மட்டும். வார்னிஷ் பூசுவதற்காக முதலாளி அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். குழலும் மற்ற இரும்பும் இரும்புப் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்திருக்கிறது. பெட்டியைத் திறக்கக்கூடாது என்ற கட்டளையை நான் மீறியிருந்தால் இது எனக்கு முன்பே தெரிந்திருக்கும்!

"பொலிசுக்குப் பக்கத்திலை நிண்டு கதிரைக்காலைக் காவல் காத்துக்கொண்டு வந்திருக்கிறாய்!" மிம்மோ சிரித்த சிரிப்பில் தொங்கிய சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. எனக்கு மத்தி மீன் பாஸ்தா போட்டுத் தந்தார். பிறகு தன் காரிலேயே கடைக்குக் கொண்டுவந்து விட்டார்.

முதலாளி ஏசவில்லை. கதவைப் பாதி இழுத்துவிட்டு என்னை உட்கார வைத்தார். மிம்மோவின் லிப்ரெத்தோவை எனக்கு முன்னால் வைத்து, "வாசி," என்றார். வாசித்தேன். பெயர், பிறந்த திகதி, ஊர், படம்.

"துவக்கின்ரை பேர் எங்கை?"

எல்லாப் பக்கமும் புரட்டினேன். எங்கும் இல்லை.

"இல்லை. ஏனெண்டால் இது துவக்குக்குக் குடுத்ததில்லை, ஆளுக்குக் குடுத்தது. துவக்கு எல்லாம் ஒண்டுதான், சாந்தோ. வைச்ச இடத்திலை வைச்சபடி கிடக்கும். ஆள்தான் மாறுறவன். அதாலை ஆளைப் பாக்கிறம், பிறகு சில வருசத்திலை திரும்பவும் பாக்கிறம்."

என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக மறுநாள் எனக்குக் கடைத் துப்பாக்கிகளின் பதிவேட்டை எழுதப் பழக்கத் தொடங்கினார். தெரியாதவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வைத்திருப்பதுதான் கடைக்குப் பெரிய ஆபத்து என்று மிம்மோவிடம் சொன்னாராம்.

அந்த வருடமே மாதா கிருபையால் ஜெசிந்தாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நேர்த்திக்காகப் பலெர்மோவின் பாதுகாவலி சாந்தா ரொசாலியாவின் மலைக்கு மூன்று பேரும் வெறுங்காலோடு ஏறினோம். கதிரைக்கால் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மிம்மோ, கதாநாயகனின் மனைவி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஜெசிந்தாவுக்குத் தன் சமையலறையில் வேலை கொடுத்தார். வருடங்கள் ஓடின. எனக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. முதலாளி என் பெயரைக் கெஸ்தூராவில் எழுதிக் கொடுத்துத் தன் பிரதிநிதியாக்கினார். எனக்கும் மூக்குக்கண்ணாடி வந்தது. என் உள்ளங்கையும் தானாக நீளப் பழகிவிட்டது.

இனிக் கெவினுக்குச் சொல்ல நினைத்த செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மிம்மோவுக்கு நினோ என்று ஒரு தம்பி. தகப்பன் விட்டுப்போன ஒரே உணவகத்தை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, பக்கத்துப் பக்கத்தில் நடத்தினார்கள். அந்தக் கோடையில் வாசலில் மூன்று மேசை போடுகிற இடத்துக்காகச் சண்டை வந்தது. நினோ பூச்சட்டி வைத்து எல்லை போட்டார். மிம்மோ பூச்சட்டியைத் தள்ளி மேசை போட்டார். நினோ நகரசபைக்கு எழுதினார். ஜெசிந்தா தினமும் வேலையால் வந்து நாடகம் மாதிரி நடித்துக் காட்டுவாள், நானும் மகளும் சிரிப்போம். ஆனால் அன்று காலை கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அவள் உட்காராமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, மிம்மோ நேற்று முழுக்கச் சிரிக்கேல்லை."

"களைப்பாய் இருக்கும்."

"நேற்றுச் சனத்துக்கு முன்னாலை தம்பியைப் பாத்து, 'அடுத்த முறை சட்டியை இல்லை, உன்னைத்தான் தூக்குவன்' எண்டவர். பிறகு உள்ளை வந்து சுவரைப் பாத்துக்கொண்டு, 'என்ரை துவக்கு கயெத்தானோட்டை கிடக்கு' எண்டு தனக்குத்தானே சொன்னவர்."

"வேட்டை தொடங்கப் போகுதுதானே."

"முயலை நினைக்கிற முகம் இல்லையப்பா அது."

முதலாளி முதுகு வலியோடு வீட்டில் படுத்திருந்தார். கடையில் நான் தனியாக. பதினொரு மணிபோல மிம்மோ வந்தார். வாசலில் சிரிப்பு வந்து நிற்கவில்லை. ஆள் மட்டும் வந்தார்.

"துவக்கைத் தா. பழுது பாத்தாச்சுத்தானே."

நான் உள்ளங்கையை நீட்டினேன். அவர் லிப்ரெத்தோவை மேசையில் எறிந்தார். கண்ணாடியை மாட்டினேன். பெயரைச் சத்தமாக வாசித்தேன். படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். திகதியில் விரலை வைத்தேன்.

"சிஞ்ஞோர் மிம்மோ, இது முடிஞ்சு நாலு நாள்."

"நாலு நாள்! நாலு நாளிலை நான் வேறை ஆளாய்ப் போனனோ?"

ஓம் என்று சொல்ல வந்த வாயை அடக்கிப் புத்தகத்தை மூடினேன்.

"உன்ரை மனிசிக்கு ஆர் வேலை குடுத்தது?"

"நீங்கள்தான்."

"கதிரைக்காலோடை வந்து நடுங்கிக்கொண்டு நிண்டபோது உனக்கு ஆர் சாப்பாடு போட்டது?"

"நீங்கள்தான்."

"அப்ப துவக்கைத் தா."

"லிப்ரெத்தோவைத் தாங்கோ."

"விசரா, அது உன்ரை கையிலைதான் கிடக்கு!"

"இது நாலு நாளுக்கு முந்தின மிம்மோவின்ரை. இண்டைக்கு வந்திருக்கிற மிம்மோவின்ரையைக் கொண்டாங்கோ, உடனை தாறன்."

அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. "நாளைக்கு ஜெசிந்தா வரத் தேவையில்லை," என்றார்.

இரும்புப் பெட்டகத்தின் திறப்பு என் இடுப்பில் கிடந்தது. திறந்து கொடுத்தால் வேலையும் இருக்கும், நட்பும் இருக்கும். நினோ இருப்பாரோ என்பது எனக்குத் தெரியாது. நான் ஒரு தாளை எடுத்து, புதுப்பிக்க வேண்டிய ஒழுங்கை எழுதினேன். குடும்ப வைத்தியர், மற்ற வைத்தியர், படம், முத்திரை. தாளை நீட்டினேன். அவர் அதைக் கசக்கினார். ஆனால் எறியவில்லை, பொக்கற்றில் வைத்துக்கொண்டார். கதவை அடித்த அடியில் கதவு மணி கழன்று விழுந்தது.

முதலாளிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேரைச் சத்தமாய் வாசிச்சியோ?"

"ஓம் ஐயா."

"திகதியிலை விரலை வைச்சியோ?"

"வைச்சனான்."

"அப்ப நான் நிண்டிருந்தாலும் அதுதான். மிச்சத்தைக் கெஸ்தூராவுக்கும் டாக்டருக்கும் நான் சொல்லுறன். நீ தண்ணி குடி."

வீட்டுக்குப் போய் ஜெசிந்தாவிடம் வேலை போன செய்தியைச் சொன்னேன். "நல்லது. இனிச் சிப்பி கழுவிக் கை வெடிக்காது," என்று சிரித்தாள். கொஞ்சம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்று குடும்பச் செபமாலையில் மிம்மோவுக்காகப் பத்து அருள்நிறை செபம், நினோவுக்காகப் பத்து அருள்நிறை செபம் என்று அவளே தொடங்கினாள்.

மறுநாள் காலை பார்த்தால் அவள் வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கிறாள்.

"எங்கை போறாய்? வரவேண்டாம் எண்டெல்லே சொன்னவர்?"

"உங்களிட்டைத்தானே சொன்னவர். என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. நான் போறன்."

போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சிப்பி கழுவத் தொடங்கியிருக்கிறாள். மிம்மோ இரண்டு தரம் சமையலறைக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். மூன்றாம் தரம், "தண்ணியைக் கனக்கத் திறக்காதை," என்று மட்டும் சொன்னாராம். அதோடு வேலை திரும்பிவிட்டது.

மிம்மோ கசக்கிய தாளை விரித்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனார். முதலாளி ஏற்கனவே பேசியிருந்ததால் வைத்தியர் அவசரப்படவில்லை. முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார். கருவியே பயந்துபோனதாம். "இந்த அழுத்தத்தோடை உனக்குத் துவக்கும் இல்லை, உப்பும் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்து காட்டு," என்று அனுப்பிவிட்டார். உணவகக்காரனுக்கு உப்பை நிறுத்துவது எங்களுக்குச் சோற்றை நிறுத்துகிற மாதிரி. வேட்டைக் காலம் அவர் இல்லாமலே தொடங்கியது. முயல்கள் பிழைத்தன.

அடுத்து நடந்ததை ஜெசிந்தா வைத்தியரின் வேலைக்காரியிடம் கேட்டு வந்து சொன்னாள். அந்த வைத்தியர்தான் நினோவுக்கும் குடும்ப வைத்தியர். ஒருநாள் காலை காத்திருக்கும் அறையில் ஒரே வாங்கிலில் அண்ணனும் தம்பியும் அகப்பட்டுக்கொண்டார்கள். வேறு இருக்கை இல்லை. வைத்தியரோ வழக்கம் போல மூன்று மணித்தியாலம் பிந்தி. முதல் மணித்தியாலம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரிலிருந்த பல்லுப் படத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் மணித்தியாலம் நினோ வாய் திறந்தார்.

"உனக்கும் உப்பை நிப்பாட்டினவரோ?"

"ஓம். உனக்கு?"

"கோப்பியையும் நிப்பாட்டிப்போட்டான்."

"கோப்பியையுமோ? மிருகம்!"

மூன்றாம் மணித்தியாலம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்தியரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமை அந்த மூன்று மேசையும் நடுச்சுவருக்கு நேராக வந்தன. சாப்பாடு மிம்மோவின் பக்கத்திலிருந்து, குடிக்கிறது நினோவின் பக்கத்திலிருந்து.

கெவின், வரிசையில் நிற்கிறவன் நல்லவன் என்று சொன்னீர்கள். சரி. மிம்மோ நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்லவனுக்கும் ஒரு கெட்ட செவ்வாய்க்கிழமை வரும். அன்று அவரை மறித்தது நானில்லை. நான் பயந்தாங்கொள்ளி. அந்தத் திகதியும், அதன் பின்னால் இருந்த வைத்தியர்களும், அந்த வாங்கிலும்தான் மறித்தன. அனுமதி கேட்பது நல்லவனை அவமதிப்பதில்லை. அவனுக்கு இரண்டு மூன்று கிழமை கொடுக்கிறது, அவன் திரும்பி நல்லவனாக வருவதற்கு. ஆயுதத்தோடு தெருவில் இறங்க நினைக்கிற ஒவ்வொருவரையும் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துப் பெயரை வாசித்துத்தான் விடவேண்டும் என்பதே என் எண்ணம். கெட்டவனை என்ன செய்வது என்று கேட்டால், அது பொலிஸின் வேலை.

இன்னுமொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். அது உங்கள் பக்கத்துக்குச் சாதகமா, என் பக்கத்துக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேசைகள் ஒன்றாகி ஒரு மாதம் இருக்கும். நினோ ஒரு நீளப் பெட்டியோடு கடைக்கு வந்தார். நான் கையை நீட்டினேன். லிப்ரெத்தோவைத் தந்தார். பெயர், படம், முகம். திகதி முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எல்லாம் சரி.

"வணக்கம் சிஞ்ஞோர் நினோ, வீட்டிலை எல்லாரும் சுகமோ? என்ன, பழுதோ?"

"பழுதில்லை. இதை இஞ்சை வைச்சிரு. மிம்மோவின்ரைக்குப் பக்கத்திலை."

துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்தேன். பார்த்தேன். விரலை விட்டுத் தொட்டேன். வெறுமை. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிழமை அது வெறுமையாய் இருக்கேல்லை, சாந்தோ," என்றார். "காசு மேசைக்குக் கீழை வைச்சிருந்தனான். அவன் வருவான் எண்டு வாசலையே பாத்துக்கொண்டு இருந்தனான்."

பெட்டகத்தில் பூட்டிக் கிடந்த ஒன்றைப் பற்றித்தான் நான் அத்தனை நாளும் பயந்தேன். பூட்டாமல் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. அதற்கு அனுமதிப் புத்தகமும் இருந்தது.

"வந்தவரோ?" என்று கேட்டேன்.

"வந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன்னட்டை இருந்து நேராய். கத்தினான். இரண்டு பூச்சட்டியை உடைச்சான். என்னைக் கள்ளன் எண்டான், அம்மாவின்ரை பேரையும் இழுத்தான். ஆனால் வெறுங்கையோடை வந்தான்." நினோ தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "வெறுங்கையோடை வந்து நிக்கிறவனுக்கு நான் என்னத்தை எடுக்கிறது? கும்பிட்டுக் கும்பிட்டு மேசைக்குக் கீழை கையைக் கொண்டுபோகாமல் இருந்தனான்."

நான் பெட்டகத்தைத் திறந்து அவருடையதை உள்ளே வைத்தேன். பதிவேட்டில் மிம்மோவின் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து, அதே பக்கத்தில் இவர் பெயரை எழுதினேன். பொறுப்பில் விடுவதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழுது, பயணம், வீடு மாறுதல், இப்படி ஏதாவது எழுதுவோம்.

"காரணம் என்னவெண்டு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

நினோ கழுத்தை நீட்டிப் பக்கத்தைப் பார்த்தார். அண்ணனின் பெயருக்கு நேர் கீழே தன் பெயர் இருப்பதைக் கண்டார். அவருடைய வயிறும் குலுங்கத் தொடங்கியது.

"அண்ணன் தம்பி எண்டு எழுது," என்றார்.

அப்படியே எழுதினேன்.